அருகு நட்ட காடு

எங்கப்பா காட்டில் அருகம்புல் நட்டார் என்று எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. விவசாயம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன வெட்கம் என்று தோன்றலாம். எங்கள் மலையில் காடு என்றால் மழையை நம்பிப் பயிர் வைக்கிற மேட்டுநிலம். அப்படி ஒரு காட்டில் அருகு இறங்கிவிட்டது என்றால், அந்த வீட்டில் ஆம்பிளையும் சரியில்லை, பொம்பிளையும் சரியில்லை, வெயில் முதுகில் சுட்டபிறகுதான் எழுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காட்டைத்தான் பார்ப்பார்கள். அருகைக் கையால் இழுத்தால் வராது. மேலே அறுந்துபோய், கீழே கணு கணுவாக ஓடிக்கொண்டே இருக்கும். களைக்கொத்தைப் போட்டுத் தோண்டி, வேரோடு எடுத்து உதறி, பாறைமேல் பரப்பி வெயிலில் காயவைத்தால்தான் சாகும். அப்படிப்பட்ட சனியனைத்தான் எங்கப்பா சாக்கு சாக்காகக் கொண்டுவந்து, நெல் நாற்று நடுகிற பக்குவத்தோடு குத்துக்குத்தாக நட்டார்.

அதுவும் எங்கே? ரோட்டுக்கு மேலே, பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் ஜன்னல் வழியாகப் பார்க்கிற சரிவில்.

நான் செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாலைந்து ஊர் சேர்ந்தால் எங்களுக்கு ஒரு நாடு; தேவனூர் நாட்டுக்காரர், குண்டனி நாட்டுக்காரர் என்று மலையில் பாதிப் பேர் ஆதார் அட்டையோடும் பட்டாவோடும் என்னிடம் வந்துதான் ஆகவேண்டும். வருகிறவர்கள் சும்மா வருவார்களா? "ஏனுங்க, உங்கப்பா அருகு நட்டிருக்காராமா? புள்ளையாருக்கு மாலை கட்டி விக்கப் போறாருங்களா?" என்பார் ஒருவர். "இல்லீங்க, குதிரை வாங்கப் போறாராட்டம் இருக்குது" என்பார் வரிசையில் பின்னால் நிற்கிறவர். நான் மெஷின் மூடியைச் சாத்திக்கொண்டே சிரித்துவைப்பேன். கல்யாணம் ஒன்று முறிந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். ஊர் வாயில் என் பங்குக்கு ஏற்கெனவே போதுமான தீனி இருந்தது. அப்பா வேறு அள்ளிப் போடுகிறாரே என்று எரிச்சலாக வரும்.

அவரிடமே கேட்டவர்களும் உண்டு. அப்பா முகத்தை எப்போதும் கல் மாதிரி வைத்துக்கொண்டுதான் கேலி பேசுவார். அது ஊருக்கெல்லாம் தெரியும். "ஆமா, நட்டேன். வர்ற வருசம் கோரை நடலாம்னு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாவம், காட்டில் அருகு இறங்கிவிட்டது, வயசாகிவிட்டது, எடுக்க முடியவில்லை, அந்த வெட்கத்தை மறைக்க மனுசன் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த விவசாயியாவது அருகை நடுவானா? அவர் உண்மையைத்தான் சொன்னார். நம்புகிற மாதிரியான உண்மையாக அது இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காட்டின் கதையைச் சொன்னால்தான் புரியும். அது சுரங்கத்துக்குப் போய்த் திரும்பிய நிலம். பாக்சைட் கல்லுக்காக ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. மேல்மண்ணை ஒருபக்கமாக ஒதுக்கிக் குவித்துவிட்டு, அடியிலிருந்த கல்லை லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்ததும் பள்ளத்தில் உடைகல்லைக் கொட்டி நிரப்பி, ஒதுக்கிவைத்த மண்ணை மேலே பரப்பிச் சமன்செய்து, காட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சொன்னபடிதான் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழே உடைகல், மேலே ஒரு சாண் மண். இரண்டுக்கும் நடுவே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் வருசம் அப்பா மரவள்ளி போட்டார். ஐப்பசி மழையில் குச்சியும் மண்ணும் சேர்ந்து கீழே இறங்கின. சரிவில் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஓடை விழுந்தது.

அடுத்த வருசம் கல் அடுக்கி வரப்புப் போட்டார். தண்ணீர் கல்லுக்கு அடியில் நுழைந்து போனது. வேளாண்மை ஆபீஸிலிருந்து வெட்டிவேர் நாற்று கொடுத்தார்கள். பாதியை ஆடு மேய்ந்தது, மீதியைப் பங்குனி வெயில் மேய்ந்தது. அப்பா ஒருநாள் ரோட்டோரத்தில் ஒரு மண்கட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அடிமண் எல்லாம் கரைந்துபோயும் அந்தக் கட்டி மட்டும் விழவில்லை. மேலே அருகு பின்னியிருந்தது. "நம்மள இத்தன வருசமா அழ வெச்சவன, இனி நமக்கு வேல செய்ய வெக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கே சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நடுவதற்கு மட்டம் பார்க்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் பட்டை பட்டையாக நட்டால்தான் ஓடிவருகிற தண்ணீர் அங்கங்கே நின்று மண்ணைக் கீழே வைக்கும். கொத்தனார்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு லீவு விட்டுவிட்டு நான் சரிவில் டியூபோடு நிற்பேன். ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். "வெயிலு அவ்வளவா இல்லியே" என்பார் அப்பா. அவருக்குத் தெரியும், ஆனால் காட்டிக்கொள்ளமாட்டார்.

அடுத்த மழைக்கே அருகு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த மழையில் ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் மண் தங்கிச் சின்னச் சின்னப் படியாக எழும்பியது. பட்டைகளுக்கு நடுவே அப்பா சாமை விதைத்தார். கஞ்சிக்கு ஆகிற அளவுக்கு வந்தது. "இன்னும் ரெண்டு மழைக்கு இந்த மண்ணு நின்னுச்சுன்னா, சில்வர் ஓக் வெச்சு மொளகு ஏத்திப்போடலாம். நான் போனப்புறம் உனக்கு அது போதும்" என்றார். எனக்கென்று அவர் வைத்துவிட்டுப் போக அந்தக் காட்டை விட்டால், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலம்தான். அந்த ஒரு சாண் மண் நிற்குமா, போகுமா என்பதுதான் அவருக்குப் பேச்சு, மூச்சு எல்லாம். ஆனால் ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பட்டையும் தெரியாது, படியும் தெரியாது. புல் முளைத்துக் கேட்பாரற்றுக் கிடக்கிற காடுதான் தெரியும்.

கல் தூக்கித் தூக்கி அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்திருந்தது. அதையும் சொல்லாமல் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறார். சாமை அறுப்பு முடிந்த புரட்டாசியில் ஒருநாள் வலி தாங்காமல் காட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு, வளைவு வளைவாக இறங்குகிற பஸ்ஸில் அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு, நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷன் என்றார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால், அந்த வீட்டுக் காட்டு வேலையை அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எடுத்துச் செய்துவிடுவார்கள். அவர்களைக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் அது கூலி வேலை ஆகிவிடும். அவர்களும் வரட்டுமா என்று கேட்கக்கூடாது. கேட்டால் வீட்டுக்காரருக்கு ரோசம் வந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த இக்கட்டில் யாரையும் நிறுத்தக்கூடாது என்பதற்காகவே கேட்காமல் வருவார்கள், கேட்காமல் செய்வார்கள், சொல்லாமல் போவார்கள். எங்கம்மா செத்த வருசம் எங்கள் சாமையை அப்படித்தான் அறுத்துக் களத்தில் சேர்த்தார்கள். யார் யார் அறுத்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மாற்று வேட்டி எடுத்துப் போக நான் மலைக்கு வந்தேன். எங்கள் காட்டுக்குக் கீழே பஸ் திரும்பும்போது பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "பாருங்க, உங்க காட்ட எப்படிப் பண்ணி வெச்சிருக்காங்கன்னு" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். காடு செக்கச்செவேல் என்று இருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு பூண்டு இல்லை. மெழுகிய வாசல் மாதிரி இருந்தது. பஸ்ஸில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்து நல்லபடியாகச் சொன்னார்கள். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? பெருமை. எங்கள் காடும் எல்லார் காடு மாதிரியும் ஆகிவிட்டது, இனி முகத்தை மூட வேண்டாம் என்று ஒரு குளிர்ச்சி. என்ன நடந்துவிட்டது என்று புத்திக்கு எட்ட அடுத்த வளைவு வரை ஆனது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இறங்கி ஓடினேன். காட்டு முனையில் எங்கள் கீழ்வயல் அத்தை கொத்தைக் கல்லில் தட்டி மண் போக்கிக்கொண்டிருந்தார். எனக்கு முறைக்கு அத்தை, அப்பாவுக்குத் தங்கச்சி. எங்கள் சரிவு முடிகிற இடத்தில், ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிற நெல்வயல் அவருடையது. மலையில் களை எடுப்பதில் அவர் கையை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் ஊரைத் திரட்டியிருக்கிறார். எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் சோறுகூடத் தூக்குப்போசியில் அவரவர் கொண்டுவந்து தின்றிருக்கிறார்கள்.

"வந்துட்டியா சாமி? அண்ணன் எப்புடி இருக்காரு? பாத்தியா, ஒரு கணு வுடல. இதுல ரெண்டு மூணு வருச அருகு. கீழ கவுறாட்டம் ஓடியிருக்குது. ஒவ்வொண்ணையும் ஒதறி ஒதறி எடுத்தோம்" என்றார்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. பாறைமேல் அருகு ஆள் உயரத்துக்குக் குவிந்து காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன், கையில் பொடிந்தது. இனி சொல்லி என்ன ஆகப்போகிறது? "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க அத்தை" என்றேன். "அட போ கண்ணு, இதுல என்ன கஷ்டம்" என்று என் கன்னத்தை மண்கையாலேயே தட்டினார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மலைமேல மானம் எப்புடிக் கெடக்குது?" என்று மட்டும் கேட்டார். வானம் வெளுப்பாகத்தான் இருக்கிறது, மழை இறங்கவில்லை என்றேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வரும்வரை தினமும் அந்த ஒரு கேள்விதான்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்த அன்று சாயந்திரம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். அத்தை ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்தார். அப்பா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் காட்டைப் பற்றி அவரே ஏதாவது சொல்வார் என்று முகத்தில் ஒரு சிரிப்போடு காத்திருந்தார்கள். நன்றி சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. என்றாலும், "இனி எனக்கு நோம்பிதான் போ" என்கிற மாதிரி, திருவிழாவே வந்துவிட்டதுபோல ஒரு வார்த்தை வரும். செய்தவர்களுக்கு அதுவே போதும்.

அப்பா, "உங்களை யாரு வரச்சொன்னா?" என்றார்.

அத்தை சிரித்தார். எப்போதும் போல முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டுகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அடங்குவதை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். கடைசியாக அடங்கியது அத்தையின் முகம்.

"நாந்தான் நட்டேன்னு சொன்னனல்ல? வாயால சொன்னனல்ல? என்ற மண்ணக் கொன்னு போட்டுட்டு வந்து ஊட்டுல பழம் வெக்கறீங்களே" என்றார் அப்பா.

அத்தை உரிந்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வாசல் தாண்டிப் பின்னாலேயே ஓடினேன். "வுடு கண்ணு, ஒடம்பு முடியாதவரு" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். அப்பா சொன்னது தப்பு அத்தை என்று சொல்லத்தான் ஓடினேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி எனக்கும் நியாயமாகப் பட்டதால் வாய் வரவில்லை. திரும்பி வந்து அப்பாவிடம் கத்தினேன். ஊர் மொத்தமும் உங்களுக்காகக் கை தேய உழைத்திருக்கிறது, உங்கள் வாயில் புற்று வைக்க என்று ஆரம்பித்து, தையல் போட்ட மனிதரிடம் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். வாழைப்பழத்தை இரண்டு பேரும் தொடவில்லை. அது அங்கேயே கறுத்தது.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் பிடித்தது. மலையில் மழை ஓசையில்லாமல் வந்து இரைச்சலாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு பேரும் காட்டுக்குப் போனோம். போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளா? சாக்கில் மண் கட்டி, மரவள்ளிக் குச்சி, கல், வரப்பு ஓரத்துக் கட்டை என்று கைக்கு வந்ததையெல்லாம் குறுக்கே போட்டேன். அவர் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் இங்கே அங்கே என்று காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காட்டுவதை நிறுத்திவிட்டார். அருகு இருந்த இடங்களெல்லாம் தோண்டி உதறியதில் பொலபொலவென்று இருந்தன. படி படியாகத் தங்கியிருந்த மண் தோசைக் கல்லிலிருந்து வழிகிற மாவைப் போலச் சத்தமே இல்லாமல் வழிந்தது. மழை விட்டபோது உடைகல் வெளுப்பாகத் தெரிந்தது. "போச்சு" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் வீடுவரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

அந்த மண் எங்கே போகும்? ரோட்டைத் தாண்டி நேராகக் கீழே, அத்தை வயலுக்கு. பால் பிடிக்கிற பருவத்தில் இருந்த நெல்லுக்குமேல் எங்கள் சிவப்பு மண் கணுக்கால் ஆழத்துக்குப் படிந்து கிடந்தது. அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. கொத்தி எடுத்தபோது அறுபட்டு மண்ணுக்குள் தங்கிய அருகுத் துண்டுகளும் அதோடு இறங்கியிருந்தன. சில நாட்களில் அவர் வரப்பிலும் வயல் ஓரத்திலும் பச்சையாக முளைத்தது. மலையில் களை எடுப்பதில் பேர் வாங்கிய மனுசியின் வயலில் அருகு.

அவர் மேலே வந்து எங்களைத் திட்டியிருக்கலாம். உங்கள் காட்டு மண்ணால் என் சோறு போச்சு என்று நடுரோட்டில் நின்று கூவியிருக்கலாம். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். சண்டை வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் எல்லாம் ஒருவழியாகும். அவர் வரவில்லை. அவரும் மருமகளும் சட்டியில் மண்ணை வாரி வாரி வரப்பில் கொட்டுவது எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். "நீங்க போங்க, உங்களுக்குக் கடை இருக்குது. நாங்க பாத்துக்கறோம்" என்றார். கண்ணு என்றும் சொல்லவில்லை, சாமி என்றும் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு திரும்பி ஏறினேன். அந்த ஏற்றம் போல ஓர் ஏற்றத்தை நான் ஏறியதில்லை.

கடையிலும் கேலி நின்றுவிட்டது. அருகைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. காகிதத்தை நீட்டுவார்கள், வாங்குவார்கள், போவார்கள். கேலி செய்ய மாட்டார்களா என்று ஏங்குகிற நிலைமைக்கு வந்தேன்.

மிஞ்சிய மண்ணையாவது நிறுத்த வேண்டுமானால் ஈரம் இருக்கும்போதே மறுபடி நட வேண்டும். அப்பா குனியக்கூடாது. நான் ஒருத்தி. "போயி நாலு பேரக் கூப்புடு" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயிக் கூப்புடறது? சொன்னது நீங்க. போறதும் நீங்களே போங்க" என்றேன். கடைக்குக் கிளம்பிப் போய்விட்டேன். மனசு கேட்காமல் மத்தியானமே திரும்பி வந்தால் வீட்டில் ஆள் இல்லை. கீழே பார்த்தேன். அத்தை வயல் வரப்பில் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்த இறக்கத்தில், தையல் ஆறாத வயிற்றோடு, எப்படி இறங்கினாரோ தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை வயலுக்குள் குனிந்து மண் வாரிக்கொண்டிருந்தார். அப்பா வரப்பில் முளைத்த அருகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கணுவைத் தொட்டுப் பார்த்து, "தங்கச்சி, இந்த அருகு எனக்கு வேணும். நாங்களே தோண்டி எடுத்துக்கறோம். உன்ற வயலும் சுத்தமாயிரும்" என்றார்.

அத்தை நிமிராமலே, "எடுத்துக்குங்ணா. உங்களுதுதான்" என்றார். சட்டியை வரப்பில் கவிழ்த்துவிட்டு, "மண்ணும் உங்களுதுதான். அதையும் எடுத்துக்குங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒருவர் பொருள் தன் வீட்டில் கிடந்தால் எடுத்துப் போகச் சொல்வது போலச் சொன்னார். அப்பா தலையாட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் பேச்சில் கிடையாது. அந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் விடிகாலையில் நான் அத்தை வயலில் அருகைத் தோண்டினேன். அவர் வரப்பில் கொட்டியிருந்த மண்ணைக் கூடையில் அள்ளி மேலே ஏற்றினேன். ஒரு கூடை மண் காட்டில் போய் விழுந்தால் விழுந்த இடமே தெரியாது. ரோட்டைத் தாண்டும்போது பஸ் வரும். எல்லாரும் பார்ப்பார்கள். முகத்தை மூட என்னிடம் கை இல்லை, இரண்டு கையும் கூடையில் இருந்தன. அப்பா சரிவில் ஒரு கல்லில் உட்கார்ந்து மட்டம் சொல்வார். நான் நடுவேன். இரண்டு பட்டைகூட முழுதாக முடியவில்லை.

கார்த்திகைத் தூறலில் ஒருநாள் நான் குனிந்து நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சேலை சரசரத்தது. அத்தை, கையில் கொத்தோடு. வந்தேன் என்று சொல்லவில்லை. வழக்கப்படிதான் வந்திருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். எழுந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நகர்ந்து இடம் விட்டேன். அவர் உட்கார்ந்து என் சாக்கிலிருந்து அருகை எடுத்து, இடைவெளி பார்த்து நட ஆரம்பித்தார். நான் ஒன்று நடுவதற்குள் அவர் மூன்று நட்டார்.

பட்டைக்கு நடுவே ஒரு மூக்குத்திப்பூண்டு முளைத்திருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூட அது களை என்று தெரியும். அத்தையின் கை தன்னாலே அதன் கழுத்துக்குப் போனது. பாதியில் நின்றது. கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத எடுக்கலாமா, கண்ணு?" என்றார்.

எனக்குக் கண்ணு என்ற வார்த்தை திரும்பி வந்தது காதில் விழுந்தது. ஆனால் அதில் சந்தோசப்பட முடியவில்லை. "எடுக்கலாம் அத்தை" என்றேன். எடுத்தார். நாலு முழம் தள்ளி ஒரு தொட்டாச்சிணுங்கி. மறுபடி கை நின்றது. "இது?" என்றார். "எடுக்கலாம்" என்றேன். அப்புறம் ஒரு பார்த்தீனியம். அதற்கும் கேட்டார். நாற்பது வருசம் மலை முழுக்கக் களை எடுத்த கை ஒவ்வொரு பூண்டுக்கு முன்னாலும் நின்று என் முகத்தைப் பார்த்தது. எடுக்கலாம், எடுக்கலாம் என்று சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்காமல் போனது.

கல்லில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் அது தாங்கவில்லை. "கேக்காம எடு, தங்கச்சி" என்றார். அவர் குரல் கெஞ்சுவதை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை.

"இல்லீங்ணா" என்றார். "இனி கேட்டுட்டே எடுக்கறேன்."